ஆங்கில வடிவமே செல்லும்

எங்கள் இணையதளத்தின் தனியுரிமை அறிக்கையைத் தமிழில் எழுதியவள் நான். இதுவரை வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. ஒரு காலத்தில் வெட்கத்தால் அல்ல, சொல்ல என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. பிறகு வெட்கத்தால் சொல்லவில்லை.

ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே நாசி கண்டார் சோற்றுக் கடை. பிற்பகல் மூன்று மணிக்கும் மீன் கறி வாசம் படியேறி வரும். முன்பு எங்கள் தளம் அச்சில் வந்த மாத இதழ், அப்போது நான் மெய்ப்புப் பார்ப்பவள். அச்சு நின்றபின் இதழ் இணையத்துக்குப் போனது. முதலாளியும் ஆசிரியரும் ஒருவரே. நாங்கள் அவரை 'சார்' என்போம். அவருக்குக் கீழே மூன்று பேர். செய்தி போடுவதற்கு ஒருவர், விளம்பரத்துக்கு ஒருவர், மற்ற எல்லாவற்றுக்கும் நான்.

தளம் தொடங்கும்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து தனியுரிமை அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் ஒன்று, மலாயில் ஒன்று. இந்த இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழில் போடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. சார்தான் கேட்டார்.

"நம்ம ஆளுங்க படிக்க மாட்டாங்க மா. ஆனா தமிழ்ல இருக்குன்னு தெரிஞ்சாலே ஒரு நம்பிக்கை லா. நீ நல்லா எழுதுவ, போட்டுக் குடு."

மூன்று நாள் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் அது இரும்புக் கதவு மாதிரி இருந்தது. எதைத் தொட்டாலும் சில்லென்று இருந்தது. தமிழில் அதை மனிதர் பேசுவது போலாக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஓரிடத்தில், வாசகர் தரும் விவரங்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட வணிகப் பங்காளிகளுக்குத் தரலாம் என்று இருந்தது. பங்காளி என்றால் நம் ஆட்களுக்குச் சொத்துத் தகராறுதான் நினைவு வரும். அதனால் 'எங்களோடு துணை நிற்பவர்கள்' என்று மாற்றினேன். தருவது என்பதை 'அவர்களின் உதவியோடு பயன்படுத்துவது' என்று இளக்கினேன். முதல் பத்தி மொட்டையாக இருப்பதாகத் தோன்றியது. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: 'நீங்கள் எங்களிடம் சொல்வது எங்களைத் தாண்டிப் போகாது.'

சார் படித்துவிட்டு, "இதான் மா தமிழு," என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசியில் ஒரு வரி இருந்தது. மூன்று மொழி வடிவங்களுக்கிடையே முரண் இருந்தால் ஆங்கில வடிவமே செல்லும். அதை அப்படியே, ஒரு எழுத்துக்கூட இளக்காமல் மொழிபெயர்த்தேன். எல்லா அறிக்கையிலும் இருக்கிற வரிதானே என்று நினைத்தேன். அதன் பொருளை நான் யோசிக்கவே இல்லை.

தளத்துக்குள் யார் நுழைந்தாலும் கீழிருந்து ஒரு பட்டை எழும்பும். 'சரி, ஏற்கிறேன்' என்று பெரிய பச்சைப் பொத்தான். பக்கத்தில் சாம்பல் நிறத்தில், 'மேலும் அறிய'. இரண்டிலும் இருக்கும் சொற்கள் என்னுடையவை, நிறமும் அளவும் சாருடையவை. யார் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார், எதைத் தொட்டார், எங்கே போனார் என்பதெல்லாம் அவர் அறையிலிருந்த திரையில் கோடுகளாக ஓடிக்கொண்டிருக்கும். அறிக்கைப் பக்கத்தைத் திறப்பவர்கள் மிகக் குறைவு. திறந்தவர்களும் மூச்சு விடுமுன் மூடிவிடுவார்கள். ஒருமுறை யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தில் நாற்பது நிமிடம் இருந்திருந்தார். சார் என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்.

"போனை கையில வெச்சுக்கிட்டே தூங்கிட்டாங்க போல."

நானும் சிரித்தேன்.

அந்த வாரமே ஒரு வாசகியின் கடிதம் வந்தது. நலப் பகுதியில் வாசகர் கேள்விக்கு ஒரு மருத்துவர் பதில் எழுதுவார். கேள்வி அனுப்ப ஒரு படிவம் உண்டு. பெயருக்குப் புனைபெயர் போடலாம். ஆனால் கைபேசி எண் கட்டாயம், ஊர் கட்டாயம். நீரிழிவு, இரத்த அழுத்தம், தூக்கமின்மை, மனநலம் என்று கட்டங்கள் இருக்கும், பொருத்தமானதில் குறியிட வேண்டும். எண் எதற்கு என்று முன்பு ஒருமுறை கேட்டதற்கு, "சும்மா வெளையாட்டுக்கு எழுதறவங்க வரக்கூடாதுல்ல," என்றார் சார்.

அந்த அம்மா ஒரு பூவின் பெயரைப் போட்டிருந்தார். ஊர் சிம்பாங் பூலாய். இரண்டாவது குழந்தை பிறந்தபின் நான்கு மாதம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருந்ததாகவும், அன்றிலிருந்து பல வருடமாக மாத்திரை சாப்பிடுவதாகவும், இப்போது உடம்பு நன்றாக இருப்பதாகவும், மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று மருத்துவமனையில் கேட்கத் தயக்கமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார்.

எங்கள் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தானை வெறும் ஊர்ப் பெயராகச் சொல்பவர்கள் குறைவு. சண்டையில் சொல்வார்கள், கேலியில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். அந்த நாலு மாதத்தைப் பற்றி வேலை இடத்தில் யாருக்கும் தெரியாது என்றும் அவர் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: 'அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உங்கள் தனியுரிமை அறிக்கையை முழுதாக இரண்டு தடவை படித்தேன். எங்களைத் தாண்டிப் போகாது என்று போட்டிருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.'

நாற்பது நிமிடம் யார் என்று அப்போது புரிந்தது. எனக்கு அப்போது வந்தது பெருமைதான். என் ஒரு வரி ஒரு பெண்ணுக்குத் துணிச்சல் தந்திருக்கிறது என்று கடிதத்தை சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புனைபெயரையும் நீக்கி, ஊரையும் நீக்கி, 'ஒரு வாசகி' என்று மட்டும் போட்டு வெளியிட்டோம். மருத்துவர் நல்ல பதில் எழுதியிருந்தார்: மாத்திரையைத் தாமாகக் குறைக்க வேண்டாம், கிளினிக்கில் தயங்காமல் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. அந்த அம்மா நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்பினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து சத்து மாவும் மூலிகைப் பவுடரும் விற்கிற ஒரு நிறுவனம் விளம்பரத்துக்கு வந்தது. விளம்பரம் மட்டும் போதாது, நலப் பகுதிக்கு எழுதியவர்களின் பட்டியலும் வேண்டும் என்றார்கள். எந்தக் கட்டத்தில் குறியிட்டார்கள் என்று பிரித்துத் தர வேண்டும்.

சார் என்னிடம் வந்தார். "லிஸ்ட எக்ஸெல்ல எடுத்து இந்த இமெயிலுக்கு அனுப்பிடு மா."

"சார், இதக் குடுக்கலாமா?"

"பாலிசில இருக்கு. லாயர் போட்டதுதான். நீதானே டிரான்ஸ்லேட் பண்ண?"

நான்தான் செய்திருந்தேன். பட்டியலை எடுத்தேன். மனநலம் என்ற தாளில் பெயர், எண், ஊர் என்று மூன்று நெடுவரிசை. பூவின் பெயர் ஆறாவதோ ஏழாவதோ வரிசையில் இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மற்றவர்களும் யாரோ ஒருவரின் அம்மாதானே, ஒருவரை மட்டும் காப்பாற்றினால் அது என்ன நியாயம் என்று எனக்குள் ஒரு வாதம் ஓடியது. நியாயம் பேசிக்கொண்டே எல்லோரையும் அனுப்பினேன்.

நான் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வரமாட்டார். கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கே கணக்கெழுதும் கிராணி பிரித்துப் பார்த்துவிட்டு, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் கொடுப்பார். கொடுக்கும்போது, "தம்பி பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளாமே," என்று எல்லார் முன்பும் அம்மாவிடம் கேட்பார். அம்மா சிரிப்பது போல் உதட்டை வைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கிப் பால் வாளிக்குள் போட்டுக்கொள்வார். அந்த முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தோட்டம் விற்கப்பட்டு, செம்பனை நடப்பட்டு, நாங்கள் ஈப்போவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கிராணியை நான் மன்னித்ததில்லை. ஆனால் பட்டியலை அனுப்பிய அன்று அவர் ஞாபகத்துக்கே வரவில்லை. பிறகுதான் வந்தார்.

பட்டியலை அனுப்பி ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். பிற்பகலில் ஒரு பெண் படியேறி வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தார். கையில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பைல். நாற்காலி காட்டியதும் விளிம்பில் உட்கார்ந்து, பைலிலிருந்து நான்கைந்து தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். எங்கள் தனியுரிமை அறிக்கை. போட்டோஸ்டாட் கடையில் அச்செடுத்திருக்கிறார். என் வரியின் கீழே நீல மையில் கோடு.

"இத எழுதினவங்கள பாக்கணும்," என்றார்.

"என்ன விஷயம்கா?"

"நான் உங்க நலப் பகுதிக்கு எழுதியிருந்தேன்." புனைபெயரைச் சொன்னார்.

"சொல்லுங்கக்கா," என்றேன்.

அவர் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் உதவியாள். ஒன்பது வருட வேலை. ஒரு நாள் காலை கறிபாப் பலகாரம் மடித்துக்கொண்டிருக்கும்போது கைபேசி அடித்திருக்கிறது.

"கை பூரா மாவு. மக கூப்பிடுறான்னு நெனச்சு ஸ்பீக்கர்ல போட்டேன். ஒரு பொண்ணு பேசிச்சு. 'அக்கா, நீங்க மனநலப் பகுதிக்கு எழுதியிருந்தீங்க இல்ல? எங்க பவுடர் ரெண்டு டப்பா சாப்பிட்டா மனநோய் மாத்திரையே தேவையில்லக்கா'ன்னு. நல்லா மரியாதையாத்தான் பேசிச்சு. நான் கைய தொடச்சு போன எடுக்கறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிடுச்சு."

"பக்கத்துல யாரும்..."

"நாலு பேரு இருந்தாங்க."

யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். மறுநாள் சிற்றுண்டிச் சாலையை எடுத்து நடத்தும் அம்மா அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, "வெங்காயத்த அவங்க வெட்டட்டும், நீங்க தட்டு கழுவுங்க," என்றிருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகளுக்குப் பரிமாறும் இடத்துக்கும் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பள்ளி விடுமுறை விட்டதும், "தேவைன்னா நானே கூப்பிடுறேன் லா," என்றாராம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்து மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒம்பது வருஷமா அந்தக் கத்தி என் கையிலதான் இருந்துச்சு," என்றார். அழவில்லை. "நீங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்னு போட்டிருந்தீங்க. நான் படிச்சுட்டுத்தான் எழுதினேன். இத எழுதினவங்கள கூப்பிடுங்க தங்கச்சி."

நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. "உள்ள கேட்டுட்டு வாரேன்," என்று எழுந்து போய்விட்டேன்.

சார் வெளியே வந்தார். மரியாதையாகவே பேசினார். கீழே சொல்லித் தே தாரேக் வரவழைத்தார். தாள்களைப் புரட்டி, கடைசித் தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இத படிச்சீங்களாக்கா?"

அந்த அம்மா குனிந்து, எழுத்துக் கூட்டாமல் தெளிவாகப் படித்தார். "மூன்று மொழி வடிவங்களுக்கிடையே முரண் இருந்தால் ஆங்கில வடிவமே செல்லும்."

"அதான்கா. இங்கிலீஷ்ல, பார்ட்னர்ஸ்க்குக் குடுக்கலாம்னு தெளிவா இருக்கு. நாங்க ஒளிக்கல."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனாலதானே தமிழ்ல படிச்சேன்."

"அது எங்க தப்பு இல்லக்கா."

அவர் தாள்களைத் திருப்பி முதல் தாளை மேலே வைத்தார். பிறகு சொன்னார்: "இத மொத வரியா போட்டிருக்கலாமே. நான் அதோட நிறுத்தியிருப்பேன்."

சார் விரலை எடுத்துக்கொண்டார். இப்படி நடந்திருக்கக் கூடாது, அந்த விற்பனைப் பெண் பேசியது தவறு, நிறுவனத்திடம் சொல்கிறேன் என்றார். அந்த அம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. தன் பெயரையும் எண்ணையும் அழித்துவிட வேண்டும், அதுவும் தன் கண்முன்னே என்றார். சார் உடனே ஒப்புக்கொண்டு என்னைக் காட்டினார்.

அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சவர்க்கார வாசம் அடித்தது. நான் வரிசையைத் தேடி எடுத்து, அழிக்கவா என்று கணினி கேட்டதற்கு ஆம் என்று அழுத்தினேன். வரி மறைந்தது.

"அவ்வளவுதானா?"

பவுடர் நிறுவனத்திடம் ஒரு படி இருக்கிறது. நான் அனுப்பிய மின்னஞ்சலில் ஒன்று இருக்கிறது. வாரந்தோறும் எடுத்து வைக்கும் சேமிப்பில் எத்தனையோ. இப்படி நடந்தால் புகார் செய்ய அரசாங்கத்தில் ஓர் அலுவலகம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் அங்கே போயிருப்பார். சார் தேநீர்க் கோப்பையோடு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"அவ்வளவுதான்கா," என்றேன்.

அவர் தாள்களைப் பைலில் அடுக்கி, நன்றி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருக்காக வந்த தே தாரேக் ஆடை கட்டி அப்படியே இருந்தது.

இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது. வேலையும் செய்தேன், தீபாவளிச் சிறப்புப் பக்கத்துக்குப் பலகாரக் குறிப்பு திருத்தினேன். ஆனால் அந்த அம்மா நன்றி சொன்னதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். புகார் அலுவலகத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். எண் வேண்டுமே. அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தேன். அந்தத் தாளைத் திறந்தேன். பூவின் பெயருக்கு நேரே இருந்த எண்ணை என் சொந்தக் கைபேசியில் அடித்தேன்.

"அக்கா, அன்னைக்கு ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல அழிச்சேனே, நான் பேசுறேன்."

"சொல்லுங்க."

"அந்தத் தமிழ் எழுதினது நான்தான்கா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"என் நம்பர் எங்கேருந்து எடுத்தீங்க?"

நான் திரையில் திறந்திருந்த தாளை மூடினேன்.

"அழிச்சிட்டேன்னு சொன்னீங்க. நான் பின்னால நின்னு பாத்தேன்."

"அது வேற ஒரு காப்பிக்கா..."

"மொத்தம் எத்தன காப்பி இருக்கு?"

"தெரியலக்கா."

எதையும் இளக்காமல் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. அவர் ஒரு மூச்சு இழுத்துவிட்டது காதில் விழுந்தது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இனிமே கூப்பிடாதீங்க தங்கச்சி. நீங்களும் கூப்பிடாதீங்க." துண்டித்துவிட்டார். புகார் அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல வாய்க்கவே இல்லை. அதைக் குறுஞ்செய்தியாக எழுதி, அனுப்பாமல் நாலைந்து நாள் வைத்திருந்தேன். கடைசியில் அனுப்பியபோது அது போய்ச் சேரவில்லை. எண்ணை மாற்றிவிட்டார் போலிருக்கிறது. ஒரு பவுடர்க்காரியாலும் என்னாலும்.

அந்த ஆண்டு முடிவில் அறிக்கையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சார் மறுபடியும் என்னிடமே கொடுத்தார். "அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடு மா, பெரிய சூசா, தலவலி ஆயிடுச்சு," என்றார். நான் முழுவதையும் புதிதாக எழுதினேன். 'நீங்கள் தரும் பெயர், எண், ஊர், உங்கள் நோய் பற்றிய குறிப்பு ஆகியவற்றை எங்களிடம் விளம்பரம் தரும் நிறுவனங்களுக்குக் கொடுப்போம். கொடுத்த பிறகு அதைத் திரும்பப் பெற எங்களால் முடியாது.' ஆங்கிலத்தில் இருப்பது இதுதான். நான் ஒன்றும் கூட்டவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எழுதினா யாரு மா ஃபாரத்த நிரப்புவாங்க?"

"யாரும் நிரப்ப மாட்டாங்க சார்."

அவர் சத்தம் போடவில்லை. இருபது வருடப் பழக்கம். ஆங்கில வடிவத்தை எடுத்துக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு, வந்ததை அப்படியே ஏற்றச் சொன்னார். அதில் எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். மெய்ப்புப் பார்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இன்றும் அதுதான் தளத்தில் இருக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவராலும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. அதைப் பற்றி ஒரு வாசகர்கூட எழுதிக் கேட்டதில்லை.

நான் அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் அங்கேயே இருந்தேன். ஈப்போவில் தமிழ் மெய்ப்புப் பார்ப்பவளுக்கு வேறு வேலை எங்கே இருக்கிறது? பிறகு ஒரு டியூஷன் நிலையத்தில் கேள்வித்தாள் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது, வந்துவிட்டேன். கணவர் காரணம் கேட்டதற்கு வீட்டுக்குப் பக்கம் என்றேன்.

இதை எழுதும்போது அந்த அம்மாவின் ஊரையும், வேலையையும், புனைபெயர் ஒரு பூவின் பெயர் என்பதையும் மாற்றியிருக்கிறேன். அவர் சொன்ன வார்த்தைகளை மட்டும் மாற்றவில்லை. எழுதலாமா என்று அவரைக் கேட்க எனக்கு வழியில்லை. கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன்.